இறப்பர் மரம் காட்டும் பருவங்கள்



வெள்ளவத்தையில் வளரும் பிள்ளைகளுக்குப் பருவம் என்பது பெரும்பாலும் மழையும் குடையுமே. பருவத்தின் பிற கோலங்களையும் அவர்கள் காண வேண்டுமாயின், தை அல்லது மாசி மாதத்து விடுமுறை நாளொன்றில் அவர்களைக் கம்பஹாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கோட்டையிற் புகையிரதம் மாறி ஏறினால், காலையிற் சென்று மாலையில் மீளலாம்.

அங்குள்ள ஹெனரத்கொட தாவரவியற் பூங்கா 1876ஆம் ஆண்டு தோன்றியது. பிரேசில் நாட்டு வித்துக்கள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்துக் கன்றுகளாகி, அவ்வாண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தன. இலங்கையின் இறப்பர்த் தொழிலுக்கு அவையே வித்து.

தை, மாசியில் இறப்பர் இலைகள் சிவந்து உதிர்கின்றன. பின்னர் செம்பு நிறத் தளிர்கள் விரிகின்றன. கண்ணுக்கு இனிய இக்காட்சியின் பின்னே ஒரு வருத்தமும் உண்டு. இலையுதிரும் நாட்களிற் பால் குறைகின்றது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினாலோ, நனைந்த பட்டையிற் கத்தி வைக்க இயலாது. வெட்டிய பாலும் மழைநீரோடு வழிந்து போய்விடும். தோட்டங்களிற் பால் வெட்டுவோரின் வருவாய் அதனாற் குன்றுகின்றது.

மழைக்காகப் பாடசாலை மூடப்பட்டால் நம் பிள்ளைகள் மகிழ்வர். அதே காலையில் வேலையின்றி வீட்டில் இருப்போரையும் அவர்கள் நினைப்பாராயின், அந்த ஒருநாட் பயணம் பயனுடையதே.