கொலராடோவின் மணல்திட்டுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ நதி பல யுகங்களாகக் குடைந்தெடுத்த கிராண்ட் கேன்யன் என்னும் மகா பள்ளத்தாக்கினூடே, வழிகாட்டிகளின் துணையோடு படகேறி நாட்கணக்கில் பிரயாணம் செய்வோர் கரையோர மணல்திட்டுகளிலேயே இரவைக் கழிக்க நேர்வதால், அந்த மணலைக் காப்பதே வழிகாட்டியின் முதற்கடமையாகிறது. 1963-இல் மேலே கிளென் கேன்யன் அணை எழுந்தது முதல், முன்பு வெள்ளம் சுமந்துவந்த வண்டல் பெரும்பாலும் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிட, திட்டுகள் கரைந்து குறுகிவருகின்றன; அதே திட்டில் மறுநாள் வேறொரு கூட்டம் வந்து தங்கும்.

ஆகவே மலத்தைக்கூட இறுக மூடும் பெட்டிகளில் சேகரித்து, பிரயாணம் முடியும்வரை படகிலேயே சுமந்து செல்ல வேண்டுமென்பது விதி. பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, உணவுத் துணுக்குகளைக் குப்பையோடு சேர்த்துவிட்டு, நீரை மட்டும் ஆற்றில் ஊற்றுகிறார்கள். அடுப்புச் சாம்பலும் கரையில் தங்குவதில்லை. சிறுநீரை ஆற்றிலேயே கழிக்கச் சொல்வது நம்மவருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் மழை அரிதான அப்பாலையில் மணலில் கழித்தால் துர்நாற்றம் தேங்கிவிடும், பெருகியோடும் நதியோ அதைக் கரைத்துவிடும்.

இவற்றினும் முக்கியமாக நான் கருதுவது, அந்நதியைப் புனிதமெனப் போற்றும் பூர்வகுடிகளின் உரிமையை. ஹுவாலபாய் மக்களின் நிலத்தில் இறங்கி நடக்க அவர்களிடமே அனுமதி பெற வேண்டும். படகுப் பிரயாணங்களை அவர்களும் நடத்துகிறார்கள். ஹோப்பி மக்கள் யாத்திரையாக வந்து உப்பெடுத்த இடத்திலோ பிரயாணிகள் கரையிறங்கலாகாது.