அரண்மனை கேரளாவுக்கு, ஊர் தமிழ்நாட்டுக்கு... தண்ணீர் யாருக்கு? - குமரி எல்லையின் கதை!

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்பு, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படும். அரண்மனை வளாகத்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் திருவனந்தபுரம் நவராத்திரி விழாவுக்குச் செல்லும் பயணம் அது. இரு மாநில போலீஸாரும் அணிவகுத்து மரியாதை செய்வார்கள். களியக்காவிளை எல்லையில் கேரளத் தரப்பு வரவேற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புறப்படும் இடமான அந்த அரண்மனையே கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. சுற்றியுள்ள தெரு, கடை, ரேஷன் கார்டு எல்லாம் தமிழ்நாடு. அரண்மனை வாசலில் டிக்கெட் கிழிப்பது மட்டும் கேரளா. முதல்முறை சுற்றுலா போகிறவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

காரணம், இந்த மண் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை, பத்மநாபபுரம்தான் அந்த ராஜ்ஜியத்தின் தலைநகர். 1741-ல் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்ததும் இங்கேதான். அதில் பிடிபட்ட டி லனாய், பிறகு மன்னரின் படைக்கே தளபதியானார். அவருடைய கல்லறை இன்றும் உதயகிரி கோட்டைக்குள் இருக்கிறது.

திருவிதாங்கூர் இந்தத் தென்கோடியை விட மனமில்லாமல் இருந்ததற்குக் காரணம் பழைய பெருமை மட்டுமல்ல, சோறும்தான். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலை, ரப்பர் தோட்டம், தென்னை, நெல்வயல், உப்பளம் எல்லாம் அடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைப்பதால் கன்னிப்பூ, கும்பப்பூ என நெல்லுக்கு இரண்டு பருவங்கள். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைக் கொண்ட நாஞ்சில் நாடுதான் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம்.

அந்த நெல்லுக்காகவே பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது. ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் காலத்தில் தொடங்கிய வேலை 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினை உள்ளூரில் 'மூக்கன் துரை' என்பார்கள். அவருடைய சமாதியும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. மேற்கே ஓடும் கோதையாற்றின் தண்ணீரைத் திருப்பி, கிழக்கே நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டு வந்த திட்டம் அது. அன்று எல்லாம் ஒரே ராஜ்ஜியம் என்பதால் 'யார் தண்ணீர்?' என்ற கேள்வியே எழவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, தமிழ் பேசும் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் தீவிரமானது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் முன்னணித் தலைவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அப்போது ஆட்சியில் இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. சுட்டதற்குப் பொறுப்பேற்று அவர் விலக வேண்டும் என்று சொன்னவர், அதே கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியா! சொந்தக் கட்சி அரசை இப்படிக் கேட்கும் தலைவர்கள் அன்றைக்கும் அபூர்வம்தான்.

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி அன்றைய திருநெல்வேலியோடு சேர்ந்தது. கேட்டும் கிடைக்காதவை தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை போன்றவை. முல்லைப்பெரியாறு அணை பீர்மேட்டில் இருப்பதைச் சொன்னால், இன்றைய வாசகருக்கு மற்றது புரிந்துவிடும்.

பிரிவினைக் கணக்கு கோயில்களையும் விடவில்லை. இங்கே வந்து சேர்ந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 290-ஏ பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குத் தொகை எழுதியவர்கள், தண்ணீருக்கு அப்படித் தெளிவாக எழுதிவைக்கவில்லை. மாவட்டத்துக்குள் ஓடும் தண்ணீரில் சிக்கல் இல்லை. பரளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில், 1,200 அடி நீளத்தில் 1966-ல் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலம் கல்குளம், விளவங்கோடு வயல்களுக்காகக் கட்டப்பட்டதுதான். சிக்கல் நெய்யாற்றில் வந்தது.

நெய்யாறு அணையைத் திட்டமிட்டபோது, நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அதனால் அணையின் இடதுகரை சானல் இயல்பாகவே விளவங்கோடு வரை நீண்டது. 1956-ல் கோடு குறுக்கே விழுந்தது: அணை அந்தப் பக்கம், சானலின் வால் இந்தப் பக்கம். ஆனாலும் பல ஆண்டுகள் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. இந்தச் சானலை நம்பியிருக்கும் நிலம் 9,200 ஏக்கர் என்கிறது தமிழ்நாடு அரசு.

2004-ல் தண்ணீர் நின்றது. நெய்யாறு கேரளாவுக்குள்ளேயே பிறந்து கேரளாவுக்குள்ளேயே கடலில் சேரும் ஆறு, ஒப்பந்தம் இல்லாமல் தர முடியாது என்பது கேரளாவின் வாதம். மாநிலப் பிரிவினைக்கு முன்பே எங்கள் நிலத்துக்கும் சேர்த்துத் திட்டமிட்ட தண்ணீர் இது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளாவின் வாதம் புவியியல்படி சரியாகவே இருக்கலாம். ஆனால், விளவங்கோட்டு விவசாயி மாநிலம் மாறினாரே தவிர, வயலை மாற்றவில்லை.

சானலின் கடைமடைப் பகுதிகளில் இப்போது மழையும் கிணறும்தான் துணை. நெல் விளைந்த இடங்கள் பல வாழைத்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. நாளைக்கே மதகு திறந்தாலும், மனையாகிப்போன வயலுக்குள் அந்தத் தண்ணீர் திரும்பப் போகாது.