விதை வந்ததா, விதைத்தவர் வந்தனரா?

உழவும் நெசவும் நம் பரம்பரைத் தொழில்கள் என்று பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். அப்பரம்பரை எங்கே தொடங்கிற்று? முதன்முதல் இந்நாட்டில் பயிர் செய்தவர் இம்மண்ணிலேயே வாழ்ந்தவரா, அல்லது விதையுடன் வேற்று நாட்டிலிருந்து வந்தவரா? எழுத்துத் தோன்றுமுன் நிகழ்ந்ததைப் பற்றி ஏடுகள் பேசா. மண்ணுள் கிடக்கும் எலும்புகளே அதற்குச் சாட்சி.

அச்சாட்சியைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தல்லாகுளத்திலிருந்து வைகையைக் கடந்து தென்கிழக்கே சென்றால், மதுரைக்குச் சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. அங்கே நூல் நூற்கும் தக்களிகளும், நெசவுக்கு உதவிய எலும்புக் கருவிகளும், மாடு, எருமை, ஆடுகளின் எலும்புகளும் கிடைத்துள்ளன. அங்குக் கிடைத்த கரிம மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அருகிலுள்ள கொந்தகை, பண்டை மக்களின் இடுகாடு. அங்கே 2020 முதல் முதுமக்கள் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து வருகின்றனர். இரு ஆடவரின் மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று அவர்களுடைய முகங்களை உருவாக்கிற்று. அவை 2025-இல் வெளியாயின.

எலும்பு எவ்வாறு பேசும்? இரு வழிகள் உண்டு. முதலாவது பல். பல்லின் மேற்பூச்சு இளமையில் உருவாகிப் பின் மாறுவதில்லை. பிள்ளைப் பருவத்தில் உண்ட தானியமும் குடித்த நீரும், அவ்வூர் மண்ணிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்னும் பொருளை அதில் பதித்துவிடும். புதைந்த ஊரின் மண்ணும் பல்லும் ஒவ்வாவிடில், அவர் வேற்றூரில் வளர்ந்தவர் என்று அறியலாம். இரண்டாவது மரபணு. காதையொட்டிய கபால எலும்பு மிகக் கெட்டியானதாகையால் அதில் மரபணு நெடுங்காலம் தங்கும். எனினும் நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதனை விரைவில் அழித்துவிடும்.

ஐரோப்பாவின் பழைய எலும்புகள் தெளிவான விடை தந்தன. ஏறத்தாழ 8,500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து உழவரே குடிபெயர்ந்து அங்கே பயிர்த்தொழிலைக் கொண்டுசென்றனர். நம் நாட்டின் கதை வேறு. அரியானா மாநிலத்து ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தும், சிந்துவெளிக் காலத்துப் பெண் ஒருத்தியின் எலும்பிலேதான் போதிய மரபணு கிட்டியது. அவளுடைய முன்னோரில் ஒரு பகுதியினர் ஈரானிய மக்களுக்கு உறவினர். ஆயினும் அங்கே உழவு தோன்றுமுன்னரே பிரிந்தவர்கள். ஆகவே ஈரானிய உழவர் பெருந்திரளாக வந்து இங்கே உழவைப் பரப்பினர் என்பது பொருந்தாது என்று 2019-இல் ஆய்வாளர் முடிவு கூறினர். ஒருத்தியை மட்டும் வைத்து உரைத்த முடிவன்று இது. ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் புதைக்கப்பட்ட வேறு 11 பேரின் மரபணுவும் அவளுடையதை ஒத்திருந்தது.

தெற்கே பையம்பள்ளியில் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுமி சுமார் 3,200 ஆண்டுப் பழமையானது. இவை பயிரின் வயதைச் சொல்லும். பயிரிட்டவர் யார் என்பதைச் சொல்ல எலும்புதான் வேண்டும்.

இதில் நம் அங்கத்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. கிணறு வெட்டும்போதோ தென்னங்குழி தோண்டும்போதோ தாழி தென்படுமாயின், புதையல் என்றெண்ணி உடைக்க வேண்டா. எலும்பைக் கையால் தொடவும் வேண்டா, கழுவவும் வேண்டா. தொட்டால் நம் மரபணு அதனுடன் கலந்து ஆய்வைக் குழப்பும். வேலையை நிறுத்திக் கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே தெரிவிப்போமாக. விதைநெல்லைப் பேணத் தெரிந்த நமக்கு, விதைத்தவரின் எலும்பைப் பேணுதல் அரிதன்று.