வேடந்தாங்கல் ஏரிக்கரையில்

பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுகிற காரியங்களுள், பறவை பார்ப்பதைப் போல் மனத்துக்குச் சாந்தியளிப்பது வேறொன்றில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். தை மாதப் பனி விலகாத உதய காலத்தில், செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, நீர் சூழ்ந்த கடம்ப மரங்களின்மேல் நத்தைகுத்தி நாரைகள் குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சியைக் கண்ட எவரும் இதை மறுக்கமாட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் மனம் பொறாது முறையிட்டு, 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கான கௌல் என்னும் உறுதிப்பத்திரம் பெற்றார்கள். பறவைகளிடம் ஊரார் கொண்ட அந்த வாத்ஸல்யத்தில் பிரயோஜனமும் கலந்திருந்தது. பறவைகளின் எச்சம் கரைந்த ஏரி நீர் வயல்களுக்கு நல்ல உரமாகிறது. இப்பறவைகளைப் பார்க்கத் தூரதிருஷ்டிக் கண்ணாடி இல்லாதவர்களும் தயங்கவேண்டியதில்லை. கரையிலிருந்து வெறுங்கண்ணுக்கே புலப்படும்படி அவை அத்தனை சமீபத்தில் வசிக்கின்றன.