பல்லும் பசையும்

விழா மலர் என்றதும் பழைய மாணவர் பலர் தம் ஆசிரியரையும் விளையாட்டு வீரரையும் நினைவுகூர்ந்து எழுதுவது வழக்கம். நாம் அவ்வழியினின்றும் சற்று விலகி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே பற்சிகிச்சை செய்வோர் அடிக்கடி எதிர்நோக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கின்றோம். பல்லிலே வைத்த அடைப்புக் கழலாது நிற்பதற்கு அதனை எம்முறையில் ஒட்டவேண்டும்? கேள்வி சிறிதுதான். ஆனால், கழன்ற அடைப்பைத் திரும்ப வைப்பதற்காகக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறினால் அன்று அவளுக்குப் பேர் இல்லை. ஒரு நாட்சம்பளம் போய்விடும்.

தோட்டத் தொழிலாளரின் பற்கள் உலக நூல்களிலே இடம்பெற்றவை என்பதை நம் மாணவர் பலர் அறியார். நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970ஆம் ஆண்டில் டன்சினன், ஹரோ என்னும் இரு தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அத்தொழிலாளரிடம் சூத்தைப்பல் ஏறக்குறைய இல்லை. பல் விழுந்ததெல்லாம் முரசு நோயினாலேயே. முப்பது வயதை எட்டியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவிற்கு முரசு கீழிறங்கிப் பல்வேர் வெளித் தெரிந்தது.

வேர் வெளிப்பட்டால் வேறொரு துன்பமும் தொடங்குகின்றது. வேரின்மேல் மிளிரி கிடையாது. கரியோ செங்கற்பொடியோ கொண்டு அழுத்தித் தேய்க்குங்கால், முரசின் ஓரத்திலே ஆப்பு வடிவான பள்ளம் விழுகின்றது. அதிகாலைப் பனியில் வாய் திறந்தாலே கூச்சம். பீலித் தண்ணீர் பட்டால் உயிர் போகும். இப்பள்ளத்தை அடைக்கவேண்டும். பழைய இரசக்கலவை அடைப்போ தானாக ஒட்டுவதன்று. வாய் குறுகி உள்ளே அகன்ற குழியொன்றை வெட்டினாலன்றி அது நில்லாது. தேய்ந்த பல்லை மேலும் வெட்டுவது முறையாகுமா? ஆகவேதான் பசை வேண்டப்படுகின்றது. ஒட்டுமருந்துகளின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் உலகெங்கும் இத்தகைய பள்ளத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அடைப்பைப் பிடித்து வைத்திருக்க அங்கே பசையன்றி வேறெதுவும் இல்லையன்றோ!

பல்லின் மேலுறையாகிய மிளிரி, அதாவது எனாமல், நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனியுப்பாலானது. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் மைக்கேல் புவனகோர் என்பார் 1955இல் 85 வீதப் பொசுபோரிக்கமிலத்தை அதன்மேல் முப்பது விநாடி பூசிக் கழுவிப் பார்த்தார். வழுவழுப்பான மேற்பரப்புச் சொரசொரப்பாயிற்று. பிசின் அந்நுண்துளைகளுட் புகுந்து இறுகிப் பிடித்துக்கொண்டது. இன்று ஏறத்தாழ 37 வீத அமிலமே போதும்.

அடியிலுள்ள பன்முதலோ, அதாவது டென்டீனோ, வேறு சுபாவமுடையது. அதில் கனியுப்பு எழுபது பங்களவே. எஞ்சியது கொலாஜன் நாரும் நீரும். அமிலம் பட்டதும் உப்புக் கரைந்து நார்வலை மட்டும் நிற்கும். அவ்வலையினுள் பிசின் ஊறி இறுகிக் கலப்புப்படையொன்று உண்டாவதை ஜப்பானிய அறிஞர் நக்கபாயாஷி 1982இல் விளக்கினார். ஊறுவதற்கு வலை விரிந்து நிற்கவேண்டும். அதிகம் உலர்த்தினால் அது சுருண்டு படிந்துவிடும். நீர் மிகுந்தாலோ பிசின் நீர்த்துப்போம். தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டுவோர் கையால் அள்ளிப் பதம் பார்ப்பது போன்ற வேலை இது.

அமிலம் பூசிக் கழுவும் இம்முறையே முதலாவது. இரண்டாவது முறையிலே கழுவுதல் இல்லை. அமிலத்தன்மையுள்ள பிசினையே பல்லில் இருபது விநாடியளவு தேய்த்து, காற்றூதி, நீல ஒளியால் இறுகச்செய்வர். மென்மையான வகைகள் பன்முதலின் உப்பு முழுவதையும் கரைப்பதில்லை; எஞ்சிய கல்சியத்தோடு இரசாயன முறையில் இணைகின்றன. மிளிரியில் இவற்றின் பிடி குறைவு. ஆதலால் மிளிரி ஓரத்தில் மட்டும் முன்னதாக அமிலம் பூசுதல் நன்று. மூன்றாவது முறை கண்ணாடி அயனோமர். லண்டனில் வில்சன், கென்ற் என்போர் ஆக்கி 1972இல் வெளியிட்ட இச்சாந்து, பிசினின் உதவியின்றித் தானே பல்லின் கல்சியத்தைப் பற்றிக்கொள்வது.

முதலாவது முறையிலே நாமே ஒருமுறை தவறினோம். தோட்டத்து முகாமொன்று, வெளியே மூடுபனி, உள்ளே நீண்ட வரிசை. காற்றழுத்தி இல்லாமையால் றப்பர்க் குமிழைப் பிசைந்து ஊதினோம். அசற்றோன் கலந்த பிசின்போத்தலின் மூடியை ஒவ்வொரு முறையும் திருகி மூடப் பொறுமையில்லை. அசற்றோன் பறந்துபோக, மாலையில் வந்தவர்களுக்குக் கிடைத்தது தடித்த எச்சம். மூன்று மாதத்தின் பின் ஒரு மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டளவு வெண்துண்டை நீட்டி, "டொக்டர் ஐயா, சோத்தோட வந்திருச்சுங்க" என்றார். அன்று அவர் அரைப்பேருக்கு இறங்கி வந்திருந்தார்.

பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இத்தகைய பள்ளங்களில் வைத்த அடைப்புகள் ஆண்டுதோறும் எத்தனை வீதம் கழன்றன என்பதை முறைவாரியாக ஒப்பிட்டது. மிகக் குறைவாகக் கழன்றது கண்ணாடி அயனோமர். அடுத்து வந்தவை இரு போத்தலாலான மென்மையான தானரிப்புப் பிசினும், மூன்று படியாகச் செய்யும் பழைய அமிலமுறையும். படிகளைச் சுருக்கிய இருபடி அமிலமுறையும், கடும் அமிலமுள்ள ஒரே போத்தல் வகையும் பின்தங்கின. துண்டுப்பிரசுரங்கள் ஒரே போத்தலின் சிறப்பை எவ்வளவு புகழினும், போத்தல் குறைந்தமையாற் பிடி கூடிவிடவில்லை.

முரசோரப் பள்ளத்துக்குத் தோட்ட முகாமில் நாம் முதலிடம் தருவது அயனோமருக்கே. அதற்கு ஒளிவிளக்கும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. நிறத்தில் அது சிறிது மங்கல். கடிபடும் பரப்பில் தேயும் என்பதும் மெய். முரசோரத்திலோ கடிவிசை நேரே தாக்குவதில்லை. சிரிக்கும்போது தெரியும் முன்பல்லாயின், விளக்கும் காற்றும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மிளிரி ஓரத்துக்கு மட்டும் அமிலம் பூசி இரு போத்தற் பிசினால் ஒட்டுவிப்போம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பிசினை உடனே பூசலாகாது. குளிர்ந்த பிசின் தடித்திருக்கும், நன்கு ஊறாது. நுவரெலியாவின் குளிரில் அறைவெப்பத்துக்கு வர அதற்கு இன்னும் நேரம் வேண்டும்.

அயனோமருக்குச் செய்யவேண்டியவை சிலவே. பள்ளத்தைப் பொலிஅக்கிரிலிக் அமிலத்தால் பத்துப் பதினைந்து விநாடி துடைத்துக் கழுவி, பஞ்சால் ஒற்றவேண்டும். மினுமினுப்பு மறையுமளவிற்கு உலர்த்தலாகாது. குழைத்த சாந்து பளபளப்பாக இருக்கும்போதே வைக்கவேண்டும். மங்கியபின் அது பல்லைப் பற்றாது. குளிர்காலையில் இறுகத் தாமதமாகும். எச்சில் படாமற் காத்து, மேலே வசலின் தடவி, ஒரு மணி நேரம் வெற்றிலை போடவேண்டாமெனச் சொல்லி அனுப்புவோம். வெற்றிலை விடயத்தில் மட்டும் எவரும் எமது சொல்லைக் கேட்பதில்லை.