எந்த அலர்ஜி மாத்திரைங்க?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் பல்லடம், உடுமலை வரைக்கும் புழுதிதான். சிலருக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல், கண்ணரிப்பு. ஸ்பின்னிங் மில்லில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசு வேறு. மருந்துக் கடையில் "ஒரு அலர்ஜி மாத்திரை குடுங்க" என்கிறோம். கொடுத்தது எதுவென்று பார்க்காமலே போட்டுக்கொண்டு நைட் ஷிஃப்டுக்குப் போகிறோம். பேக்கரியில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் அந்த 'எது' என்பதைப் பேசிவிடலாம்ங்க.

மூக்குச் சவ்விலும் தோலிலும் மாஸ்ட் செல்கள் என்று காவல் செல்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாத தூசு பட்டதும் அவை ஹிஸ்டமினைக் கொட்டும். அது நரம்பிலும் ரத்தக் குழாயிலும் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தும்மல், நீர்வடிதல், தடிப்பு எல்லாம். மாத்திரை ஹிஸ்டமினைக் குறைப்பதில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆகவே தும்மி ஓய்ந்த பிறகு போடுவதைவிட, தூசுக்குள் போவதற்கு முன்பே போட்டால் பலன் அதிகம்.

இந்த வகை மருந்துக்கு வழி திறந்தவர் டேனியல் போவே. 1937-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்-மரி ஸ்டாபுடன் சேர்ந்து ஹிஸ்டமினைத் தடுக்கும் பொருளைக் கண்டறிந்தார். 1957-இல் நோபல் பரிசும் பெற்றார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் மூளை விழித்திருக்கவும் இதே ஹிஸ்டமின்தான் வேண்டும். அவில், சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயும் அதைத் தடுத்துவிடுகின்றன. தூக்கம் சொக்குவது அதனால்தான். கண் திறந்தே இருந்தாலும் கவனம் மந்தமாகிவிடும். தனக்கு அப்படி இருப்பது பல நேரம் மாத்திரை போட்டவருக்கே தெரியாது. இரவு போட்ட மாத்திரையின் மப்பு காலை வரைக்கும் நிற்கலாம். சங்ககிரியில் லாரி எடுப்பவருக்கும் தறி ஓட்டுபவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை. மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

வாய் உலர்வது, மலச்சிக்கல் ஆகியவையும் பழைய மருந்துகளின் குணம். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. வீட்டில் பாதி பாட்டில் மிச்சமிருந்தால் லேபிளைப் படித்துப் பாருங்க.

புதிய தலைமுறையில் செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் இருக்கின்றன. மூளைக்குள் குறைவாகவே போகும். ஆனாலும் செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்சோஃபெனடின் அநேகமாகத் தராது. அதைப் பழச்சாறோடு போடாமல் தண்ணீரில் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வண்டி, மெஷின் வேலைக்காரர் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் சொல்வதில்லை, இதுதான் வருத்தம்.

எதற்கெல்லாம் இந்த மாத்திரை போதாது என்பதும் முக்கியம். மூக்கடைப்புக்கு இது பெரிதாக உதவாது. வார லீவு முடிந்து மில்லுக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் அது பஞ்சுத் தூசால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயாக இருக்கலாம். மாத்திரை போட்டு நாளைத் தள்ளாமல் நெஞ்சு மருத்துவரைப் பாருங்க. தென்னந்தோப்பில் குளவி கொட்டி, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அவிலைத் தேடிக்கொண்டு நிற்காதீங்க. அப்போது உயிரைக் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசிதான். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.