அஞ்சலட்டையில் நம் கரை

பழைய பட அஞ்சலட்டைகளைத் தேடிச் சேர்த்தே ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இங்கிலாந்துக் கிராமங்களில் உண்டு. நம் வடசென்னைக் கரையின் கதையும் அப்படி அட்டைகளில் சிதறிக் கிடக்கிறது.

இந்தியாவில் கால் அணா அஞ்சலட்டை வந்தது 1879 ஜூலையில். பின்னால் வந்த பட அட்டைகளை மதராஸில் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் விற்றன. அவற்றில் அடிக்கடி வருவது அலையும் படகும்தான். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போட்டன. ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். எப்பேர்ப்பட்ட கைத்திறன்! ஆனால் துடுப்புப் போட்டவர் பெயரை அந்த அட்டைகள் சொல்வதில்லை. அது பெரிய குறைதான்.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸில் சுட்டு எரித்த எண்ணெய்த் தொட்டிகளும் அட்டைப் படமாயின. 2018இல் லண்டன் சோவாஸ் கல்லூரியில் மதராஸ், பெங்களூர் அட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

அட்டையின் வயதைக் கணிக்க ஒரு வழி: பின்பக்கம் முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, சேதியைப் படத்தோரத்தில் நெருக்கி எழுதியிருந்தால், அது மிகப் பழையது. பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க பிரிட்டன் அனுமதித்ததே 1902இல்தான்.

மசூலாப் படகு உள்ள பழைய அட்டை கிடைத்தால், நகலெடுத்து நம் கரையின் மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்துப் பெரியவர்களிடம் காட்டுங்கள். படகின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயரை நோட்டில் எழுதிவையுங்கள். அட்டையின் மேல் பேனா பட வேண்டாம், லேமினேட் செய்யவும் வேண்டாம்.